முதல் பிள்ளை 32 வாரத்தில் பிறந்தது. இரண்டாவதை முழு மாசம் சுமக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி

மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறேன். வயது 26. மூத்த மகள் 32ஆம் கிழமையில் தண்ணிக்குடம் உடைந்து பிறந்தாள். 1 கிலோ 600 கிராம். பிள்ளை வார்ட்டில் மூன்று கிழமை இருந்தோம். இப்போது அவளுக்கு 16 மாசம், நன்றாக ஓடித் திரிகிறாள். நான் மறுபடி முழுகாமல் இருக்கிறேன், 11 கிழமை. மிட்வைஃப் மிஸ் பதிந்துவிட்டார். இரத்தம் 9.2 என்று கார்டில் எழுதியிருக்கிறார்கள். இரும்பு மாத்திரை போட்டால் குமட்டுகிறது, வெளிக்குக் கறுப்பாகப் போகிறது, அதனால் விட்டுவிட்டேன். போன முறை மழைக்குள் மலையில் வழுக்கி விழுந்து பத்து நாளில் தண்ணிக்குடம் உடைந்தது. அந்த விழுகையும் நான் தின்ற அன்னாசியும்தான் காரணம் என்கிறார் மாமியார். இந்த முறை எழும்பாமல் படுத்தே இருக்க வேண்டுமாம். படுத்தால் பேர் விழாது, அன்றைய சம்பளம் இல்லை, வீட்டில் அடுப்பும் எரியாது. கர்ப்பப்பை வாயில் தையல் போட்டால் சரியாகிவிடும் என்று பக்கத்து லயத்து அக்கா சொல்கிறார். நான் என்ன செய்ய?

பதில்

தங்கச்சி, முதலில் அந்த விழுந்த கதையை முடித்துவிடுவோம். வயிற்றில் பலமாக அடிபட்டால் நச்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரிலிருந்து பிரியலாம் என்பது உண்மை. ஆனால் அப்படிப் பிரிந்தால் அன்றைக்கோ அடுத்த ஓரிரு நாளிலோ தெரிந்துவிடும். வயிறு கல்லாக இறுகும், விடாமல் வலிக்கும், பெரும்பாலும் இரத்தமும் போகும். உங்களுக்கு அப்படி எதுவும் நடந்ததாக எழுதவில்லை. பத்து நாள் கழித்துத்தான் தண்ணிக்குடம் உடைந்திருக்கிறது. அதற்கும் விழுகைக்கும் முடிச்சுப் போட முடியாது. அன்னாசிக்கும் பழுத்த பப்பாளிக்கும் இதில் பங்கே இல்லை. பால் வடியும் பச்சைப் பப்பாளியை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

37 வாரம் நிறைவதற்கு முன் பிறப்பதைத்தான் குறைமாசம் என்கிறோம். ஒரு நாளில் நடந்த ஒரு காரியத்தால் அது வருவது குறைவு. சலத்தில் கிருமி, கர்ப்பப்பை வாய் நீளம் குறைந்து குறுகிப்போதல், இரத்தக்குறைவு, பிரஷர், புகையிலை, பிள்ளைகளுக்கு இடையில் போதிய இடைவெளி இல்லாமை, தாயின் நிறை குறைவாயிருத்தல் என்று பல மாசமாகச் சத்தமில்லாமல் சேர்ந்துவந்தவைதான் கடைசியில் ஒரு நாள் வெளியே தெரிகின்றன. வலி வருமுன்னே தண்ணிக்குடம் உடைந்தால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது கிருமித் தொற்றை. சவ்வு தானாக அவ்வளவு சுலபத்தில் கிழியாது. கீழிருந்து ஏறும் கிருமிகளும் அவற்றோடு உடல் போடும் சண்டையும் அதைப் பலவீனமாக்கிவிடும். கர்ப்பப்பை வாய் குறுகியிருந்தால் அந்தக் கிருமிகளுக்கு வழி இன்னும் கிட்ட.

ஒரு முறை தானாகக் குறைமாசத்தில் பெற்றவருக்கு அடுத்ததும் அப்படியாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் அப்படிப்பட்ட நூறு தாய்மாரில் எழுபது பேருக்காவது அடுத்த பிள்ளை முழு மாசத்தில்தான் பிறக்கிறது. 11 வாரத்திலேயே கேட்டிருக்கிறீர்கள். செய்ய வேண்டியவற்றில் பெரும்பகுதி இனிமேல்தான் வருகிறது.

இந்த வாரத்திலேயே செய்யக்கூடியவை இரண்டு. 11க்கும் 14க்கும் இடைப்பட்ட வாரத்தில் ஒரு ஸ்கேன் எடுத்து வாரக் கணக்கை உறுதிப்படுத்துங்கள். கடைசியாக மாதவிடாய் வந்த திகதி பலருக்குச் சரியாக நினைவிருக்காது. பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு மாதவிடாய் ஒழுங்காக வராததால் கணக்கு இன்னும் பிசகும். இந்த நேரத்து ஸ்கேனில் பிள்ளையின் நீளத்தை வைத்துச் சொல்லும் கணக்கு சில நாட்களுக்கு மேல் தவறாது. பிறகு 33 வாரத்தில் வலி வந்தால் அது 33தானா 36தானா என்று வைத்தியர் தடுமாறக் கூடாது, ஏனென்றால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

அடுத்தது, மகளைப் பெற்றபோது வைத்தியசாலையில் கொடுத்த டயக்னோசிஸ் கார்ட். ட்ரங்குப் பெட்டியில் எங்காவது இருக்கும், தேடி எடுத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். அப்போது காய்ச்சல் இருந்ததா, சலத்தில் கிருமி வளர்ந்ததா, பிரஷர் எவ்வளவு, எந்த அன்டிபயோட்டிக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். தொலைந்துவிட்டதென்றால் பிறந்த திகதியையும் வார்ட் இலக்கத்தையும் சொல்லி அதே வைத்தியசாலையின் பதிவேட்டு அறையில் கேளுங்கள். அதோடு, பரிசோதிக்கும் ஒவ்வொருவரிடமும் “மூத்தது 32 வாரம், தண்ணிக்குடம் முன்னாலேயே உடைந்தது” என்று வாய் திறந்து சொல்லுங்கள். கார்டில் ஒரு மூலையில் எழுதியிருப்பதை நெரிசலான கிளினிக்கில் யாரும் கவனிக்காமல் போகலாம்.

இனி சலம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களிடம் அதிகம் கவனிக்காமல் விடப்படுவது இதுதான். மலையில் ஒதுங்க இடமில்லை. அதனால் காலையில் ஒரு பிளேன்டியோடு போய், பகல் கொழுந்து நிறுக்கும் வரை தண்ணீர் குடிக்காமலும் சலத்தை அடக்கியும் இருப்பது வழக்கமாகிவிட்டது. குளிரில் தாகமும் எடுக்காது. கர்ப்பத்தில் சலக் குழாய்கள் தளர்ந்துவிடும், வளரும் கர்ப்பப்பை அவற்றை அழுத்தும், சலம் முழுதாக வடியாது. இந்த நிலையில் அடக்கிவைத்தால் கிருமிக்கு அது நல்ல வளர்ப்பிடம். கர்ப்பிணிகள் நூறு பேரில் 2 முதல் 10 பேர் வரை எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமலே சலத்தில் கிருமியோடு இருக்கிறார்கள். வைத்தியம் செய்யாவிட்டால் அவர்களில் கால்வாசிப் பேருக்குமேல் அது சிறுநீரகம் வரை ஏறக்கூடும். அப்போது நடுக்கத்தோடு காய்ச்சல் வரும், விலாவில் குத்தும், கர்ப்பப்பையும் இறுகத் தொடங்கும்.

கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் சலம் பார்க்கிறார்களே என்பீர்கள். அங்கே பார்ப்பது பெரும்பாலும் புரதமும் சீனியும். கிருமி இருக்கிறதா என்று தெரிய கல்ச்சர், அதாவது சலத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, பண்ண வேண்டும். உங்கள் முதல் பிரசவத்தைச் சொல்லி, இப்போதே ஒரு முறை யூரின் கல்ச்சர் எழுதித் தரும்படி கேளுங்கள். சலம் எடுக்கும் முறை தவறினால் முடிவும் தவறும். கையைக் கழுவி, வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகச் சுத்தம் செய்து, முதலில் வருவதை வெளியே விட்டு, நடுவில் வருவதை அவர்கள் தரும் மூடி போட்ட போத்தலில் பிடியுங்கள். மூடியின் உள்பக்கம் விரல் படக் கூடாது. வீட்டில் விடிய எடுத்து பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம் கொண்டுபோனால் வழியிலேயே கிருமி பெருகிவிடும், ஆகவே வைத்தியசாலைக்குப் போய் அங்கேயே எடுத்துக் கொடுப்பதுதான் சரி. கிருமி இருந்தால் ஐந்து முதல் ஏழு நாளுக்கு மாத்திரை தருவார்கள். இரண்டாம் நாளே நலமாகத் தெரிந்தாலும் கடைசி மாத்திரை வரை போடுங்கள். முடிந்து ஒரு வாரத்தில் மறுபடி கல்ச்சர் பண்ணிக் கிருமி போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். பலர் தவறவிடுவது இந்த இரண்டாவது கல்ச்சரைத்தான்.

ஆறவைத்த கொதிநீர் ஒரு லீட்டர் போத்தலில் மலைக்குக் கொண்டுபோங்கள். நாள் முழுதுக்கும் சேர்த்து இரண்டு லீட்டருக்குக் குறையக் கூடாது. மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு முறை, முட்டாவிட்டாலும், போய்விடுங்கள். கூட ஒருத்தியை நிற்கச் சொல்லி, தோட்டத்து ஓரத்தில் ஒரு மறைவிடம் பார்த்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இடுப்பில் சுற்றும் படங்குத் துணியை இறுக்கிக் கட்டாமல் வயிற்றுக்கு மேலே தளர்வாகக் கட்டுங்கள். கணவரோடு சேர்ந்த பிறகும் சலம் போய்விடுங்கள். இரத்தம் போகாமலும், நச்சுக்கொடி கீழே இருப்பதாகவோ கர்ப்பப்பை வாய் குறுகியிருப்பதாகவோ வைத்தியர் சொல்லாமலும் இருந்தால் சேர்வதால் கெடுதல் இல்லை.

வெள்ளைபடுதல் கர்ப்பத்தில் கூடுவது சாதாரணம். மீன்வாடை, சாம்பல் நிறத்தில் தண்ணியாக வருதல், பச்சை மஞ்சள் நிறம், அரிப்பு, இவற்றில் எது இருந்தாலும் காட்டுங்கள். மருந்து இருக்கிறது. வாடை போகட்டும் என்று டெட்டோல் கலந்து உள்ளே கழுவுவது மட்டும் வேண்டாம். அங்கே காவலிருக்கும் நல்ல கிருமிகளும் அதோடு செத்துப்போகும்.

இரத்தம் 9.2, அதாவது ஹீமோகுளோபின் அளவு, என்பது குறைவுதான், ஆனால் திருத்தக்கூடிய குறைவு. முதல் மூன்று மாசத்திலும் கடைசி மூன்று மாசத்திலும் 11க்கும், நடு மாசங்களில் 10.5க்கும் குறையக் கூடாது. 7க்குக் கீழே போனால்தான் மிகவும் ஆபத்தான கட்டம். கர்ப்பத்தின் முதல் பாதியில் இரத்தக்குறைவு நீடித்தால் குறைமாசத்துக்கும் நிறை குறைந்த பிள்ளைக்கும் வாய்ப்புக் கூடுகிறது. பிரசவத்தில் சாதாரணமாகப் போகும் இரத்தத்தையே தாங்க முடியாமல் போவது இன்னொரு பயம்.

இரும்பு மாத்திரையை விட்டது தவறான முடிவு, ஆனால் விட்ட காரணம் புரிகிறது. கறுப்பாகப் போவது உடம்பில் சேராமல் மிஞ்சிய இரும்பு வெளியேறுவதால். அதில் பயப்பட ஒன்றுமில்லை. குமட்டலுக்கு வழி, வெறும் வயிற்றில் காலையில் போடாமல் இரவில் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து, படுக்கப்போகும் முன் போடுவது. கிளினிக்கில் கொடுக்கும் விட்டமின் சி மாத்திரையோடு, அல்லது அரைத் தேசிக்காய் பிழிந்த தண்ணீரோடு போடுங்கள். அது இரும்பை உடம்பில் சேர்க்கும். கல்சியம் மாத்திரையை அதோடு சேர்க்காதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று தடுக்கும். கல்சியம் பகல் சாப்பாட்டோடு, இரும்பு இரவில்.

தேத்தண்ணியும் இரும்புக்கு எதிரிதான். மாத்திரை போட்ட கையோடு ஒரு பிளேன்டி குடித்தால் அந்த மாத்திரையில் பெரும்பகுதி வீண். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணித்தியாலம் முன்னும் இரண்டு மணித்தியாலம் பின்னும் தேத்தண்ணி வேண்டாம். தேயிலை நாட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது. முற்றாக நிறுத்தச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றச் சொல்கிறேன். ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியுமாக முடியும் காலைச் சாப்பாட்டில் தேத்தண்ணியைப் பத்து மணிக்குத் தள்ளிவைத்தாலே மிச்சம் உடம்பில் சேரும்.

ஒரு மாத்திரையில் பொதுவாக 60 மில்லிகிராம் இரும்பு இருக்கும். இரத்தம் சரியாக உள்ள கர்ப்பிணிக்கு அது போதும். 9.2க்கு 120 மில்லிகிராம் தேவைப்படும், அதாவது நாளுக்கு இரண்டு. அதை நீங்களே கூட்டிக்கொள்ளாமல் எம்.ஓ.எச். டொக்டரிடம், அதாவது உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியிடம், கேட்டுக் கூட்டுங்கள். குமட்டல் அடங்கும் வரை ஒன்றிலிருந்து தொடங்கலாம். ஒரு மாசத்தில் மறுபடி இரத்தம் பாருங்கள். ஒழுங்காகப் போட்டும் 1 கிராமாவது ஏறாவிட்டால் மாத்திரையையே கூட்டிக்கொண்டு போவதில் பயனில்லை. வேறு காரணம் தேட வேண்டும். பரம்பரையாக வரும் இரத்த நோயான தலசீமியாவின் மரபு உள்ளவர்கள் நம் நாட்டில் குறைவில்லை, அதற்குத் தனி இரத்தப் பரிசோதனை உண்டு. வயிறு மாத்திரையைத் தாங்கவே இல்லையென்றால் மூன்று மாசம் கழிந்தபின் நரம்பில் ஏற்றும் இரும்பும் இருக்கிறது. 12 வாரம் முடிந்ததும் பூச்சி மருந்து ஒரு முறை தருவார்கள், தவறாமல் போடுங்கள். கொக்கிப்புழு இருந்தால் ஒரு பக்கம் இரும்பு போக மறுபக்கம் இரத்தம் போகும். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கும் கக்கூசுக்கும் செருப்புப் போட்டே போங்கள்.

கிளினிக்கில் உங்கள் பெயருக்குத் தரும் சத்துமாவான திரிபோஷா 750 கிராம் பக்கற் இரண்டு. நாளுக்கு 50 கிராம் வீதம் ஒரு மாசத்துக்குக் கணக்கிட்டது. வீட்டில் எல்லோருக்கும் உருண்டை பிடித்துக் கொடுத்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும், உங்களுக்குப் பயனும் இராது. மகளுக்குத் தனியாகக் கிடைக்குமா என்று மிஸ்ஸிடம் கேட்டு, உங்களுடையதை நீங்களே சாப்பிடுங்கள். நெத்தலி, பருப்பு, முட்டை, லயத்துக்குப் பின்னால் வளரும் கீரை, கொய்யாப்பழம் என்று கிடைப்பதைச் சேருங்கள். கருத்தரிக்கும்போது மெலிந்திருந்தவர், அதாவது உயரத்துக்கேற்ற நிறையைக் காட்டும் பி.எம்.ஐ. 18.5க்குக் குறைந்தவர், பத்து மாசத்தில் 12.5 முதல் 18 கிலோ வரை கூட வேண்டும். கார்டில் உங்கள் நிறை எப்படி ஏறுகிறது என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக் கேளுங்கள்.

இனி அந்தத் தையல். அக்கா சொல்வதில் பாதி சரி. கர்ப்பப்பை வாய் குறுகிப்போகும் சிலருக்குத் தையல் உதவும், எல்லோருக்கும் அல்ல. உங்களுக்கு அது தேவையா என்று 11 வாரத்தில் யாராலும் சொல்ல முடியாது. 16க்கும் 24க்கும் இடைப்பட்ட வாரங்களில், உள்வழியாகச் செய்யும் ஸ்கேனில் கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளக்க வேண்டும். சலத்தைப் போய்விட்டு வந்து படுத்தால் போதும், ஐந்து பத்து நிமிஷ வேலை, பிள்ளைக்கு எந்தக் கெடுதலும் இல்லை. வயிற்றுக்கு மேலால் பார்க்கும் ஸ்கேனில் இந்த அளவு சரியாக வராது. நீளம் 25 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் சும்மா இருக்கலாம், தேவையானால் இரண்டு வாரத்துக்கொருமுறை திரும்ப அளப்பார்கள். குறைந்திருந்தால் இரண்டு வழி. இரவில் உள்ளே வைக்கும் புரொஜெஸ்டரோன் என்ற ஹோர்மோன் மருந்து 200 மில்லிகிராம் ஒரு வழி, தையல் மற்ற வழி. உங்களைப் போல முன்பு தண்ணிக்குடம் உடைந்தவருக்கு எது பொருத்தம் என்பதை வி.ஓ.ஜி., அதாவது மகப்பேற்று விசேட வைத்தியர், முடிவு செய்வார். தையல் என்றால் முள்ளந்தண்டில் ஊசி போட்டு மரக்கவைத்துச் செய்வார்கள், 36, 37 வாரத்தில் எடுத்துவிடுவார்கள். தையல் இருக்கும்போது தண்ணீர் வந்தாலோ வலி தொடங்கினாலோ உடனே போய்ச் சொல்ல வேண்டும். எடுக்காமல் விட்டால் வாய் கிழியும்.

தேவையில்லாதவருக்கு இதே தையல் கிருமிக்கு இடம் கொடுக்கும். ஆகவே கேட்டு வாங்க வேண்டியது தையலை அல்ல, அந்த அளவை. இந்த ஸ்கேன் எல்லாக் கிளினிக்கிலும் தானாக நடப்பதில்லை. வி.ஓ.ஜி. இருக்கும் வைத்தியசாலைக்குத் துண்டு எழுதித் தரும்படி இப்போதே எம்.ஓ.எச். டொக்டரிடம் கேட்டு, 16 வாரத்தில் திகதி விழும்படி செய்துகொள்ளுங்கள். 25 வாரத்தில் போனால் காலம் கடந்துவிடும்.

பிரஷர் 140க்கு 90 வந்தால், அதுவும் 20 வாரத்துக்குப் பிறகு வந்தால், அலட்சியம் வேண்டாம். தாயைக் காப்பாற்ற வைத்தியர்களே முன்கூட்டிப் பிள்ளையை எடுக்க வேண்டி வரும் குறைமாசப் பிரசவங்களில் பெரும்பங்கு இதனால்தான். முதல் கர்ப்பத்தில் உங்களுக்குப் பிரஷர் இருந்திருந்தால் சிறிய அளவு அஸ்பிரினை 12 வாரத்திலிருந்து தொடங்குவது பற்றி உடனே கேளுங்கள், 16க்குப் பின் தொடங்கினால் பலன் குறைவு. சீனிக்கு 24 முதல் 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது, வெறும் வயிற்றோடு போங்கள்.

வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் புகையிலையை இன்றோடு நிறுத்துங்கள். குளிருக்கும் களைப்புக்கும் போடுவது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் வாயில் அடக்கிய புகையிலையின் நிகோட்டினும் இரத்தத்தில் கலந்து பிள்ளைக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கத்தான் செய்யும். சிகரட்டை விட இது பரவாயில்லை என்ற எண்ணம் தப்பு. விறகடுப்புப் புகைக்கும் பங்கு உண்டு. அடுப்பைக் கதவருகே மாற்றுங்கள், ஈர விறகை எரிக்காதீர்கள், எரியும்போது மற்றவரும் கை கொடுக்கட்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அடி உதை இருந்தால் அதுவும் குறைமாசத்துக்கு ஒரு காரணம், வெட்கத்தில் மறைக்க வேண்டியதல்ல. மிட்வைஃப் மிஸ்ஸிடம் தனியாகச் சொல்லலாம். பெரிய வைத்தியசாலைகளில் இதற்கென்றே நட்பு நிலையம் இருக்கிறது, 1938 என்ற பெண்கள் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம். உங்கள் வீட்டில் அப்படி இல்லையென்றால் பக்கத்து லயத்தில் தேவைப்படுகிறவருக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

படுத்தே இருப்பது பற்றி மாமியாரோடு நான் ஒத்துப்போகவில்லை. படுக்கையில் வைத்திருப்பதால் குறைமாசம் தடுக்கப்படுவதில்லை என்பது ஆராய்ச்சிகளில் தெளிவாகத் தெரிந்த விஷயம். மாறாகக் காலில் இரத்தம் உறையும், தசை தளரும், உங்கள் வீட்டில் சம்பளமும் போய்ச் சாப்பாடும் குறையும். அந்தக் குறைவுதான் பிள்ளையைப் பாதிக்கும். ஆனால் வேலையின் தன்மை மாற வேண்டும். செங்குத்துச் சரிவில் நாள் முழுதும் நிற்பதும் கூடையில் 15, 20 கிலோவைச் சுமந்து இறங்குவதும் தவிர்க்க வேண்டியவை. கொழுந்தைச் சின்னச் சின்னதாக அடிக்கடி இறக்கிவைக்கலாம், நிறுக்கும் இடம்வரை மற்றவரைச் சுமக்கச் சொல்லலாம். சரிவு குறைந்த மலை கேளுங்கள். மருந்தடித்த மலைக்கும் மருந்து கலக்கும் இடத்துக்கும் போகாதீர்கள். பாதிக் கர்ப்பம் தாண்டியதும் லேசான வேலைக்கு எம்.ஓ.எச். டொக்டரிடம் கடிதம் வாங்கிக் கணக்கப்பிள்ளையிடம் கொடுங்கள். வாய்ப் பேச்சை விடக் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி மகப்பேற்றுக் கொடுப்பனவோடு 12 வார லீவு உங்களுக்கு உண்டு, பிரசவத்துக்கு முன் 2, பின் 10. மூன்றாம் பிள்ளையிலிருந்து பாதியாகக் குறைத்து வைத்திருந்ததை 2018இல் திருத்திவிட்டார்கள், எத்தனையாவது பிள்ளையானாலும் இப்போது முழு லீவு.

இனி, எல்லாம் செய்தும் முன்கூட்டி வந்துவிட்டால்? 24 வாரம் தொடங்கி இந்த அறிகுறிகளை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்: வயிறு விட்டுவிட்டு இறுகுதல், விட்டுவிட்டு வரும் இடுப்புவலி, பிள்ளை கீழே தள்ளுவது போன்ற பாரம், இரத்தம், தண்ணீர் கசிதல், காய்ச்சல், தாங்கமுடியாத தலைவலி, கண் மங்கல், பிள்ளையின் துடிப்பு குறைதல். இறுகுகிறதா என்று சந்தேகம் வந்தால் சலம் போய்விட்டு இடது பக்கமாகப் படுத்து, தொப்புளுக்கு மேல் உள்ளங்கையை வைத்து மணியைப் பாருங்கள். மூக்கு நுனி மாதிரி மெதுவாக இருந்த வயிறு நெற்றி மாதிரி கெட்டியாகி, பிறகு மறுபடி இளகினால் அது ஒன்று. ஒரு மணித்தியாலத்தில் நாலு தடவை வந்தால், வலிக்காவிட்டாலும், கிளம்பிவிடுங்கள். பொய் வலியென்று திருப்பி அனுப்பினால் நல்லது, அதற்காக அடுத்த முறை தயங்காதீர்கள்.

தண்ணீர் வந்தால் நேரத்தைப் பார்த்து, வெள்ளைத் துணி வைத்து, நிறத்தையும் வாடையையும் கவனியுங்கள். பச்சையாகவோ நாற்றமாகவோ இருந்தால் இன்னும் அவசரம். உள்ளே விரல் விட்டுப் பார்க்க லயத்தில் எந்த மூத்தவரையும் அனுமதிக்காதீர்கள். கிருமி ஏறுவது அப்படித்தான்.

சீக்கிரம் போகச் சொல்வதற்குக் காரணம் ஊசிதான். 34 வாரத்துக்கு முன் பிறக்கும் பிள்ளையின் நுரையீரலை முதிரவைக்கத் தாய்க்கு டெக்ஸாமெதசோன் 6 மில்லிகிராம் வீதம் 12 மணித்தியாலத்துக்கு ஒன்றாக நாலு ஊசி போடுவார்கள். தொடங்கி ஒரு நாளுக்குப் பிறகுதான் பலன் முழுமையாகத் தெரியும், ஒரு வாரம் வரை நன்றாக நிற்கும். வலியை நிறுத்தத் தரும் நிபெடிபின் மாத்திரையால் கிடைப்பது இரண்டு நாள்தான், அந்த இரண்டு நாளும் இந்த ஊசிக்காகத்தான். தண்ணிக்குடம் உடைந்திருந்தால் கிருமிக்கு அன்டிபயோட்டிக்கும், 32 வாரத்துக்கு முன் பிரசவம் நெருங்கினால் பிள்ளையின் மூளையைக் காக்க மெக்னீசியம் சல்பேற்றும் சேரும். வலி கூடி, பிள்ளை தலை தெரியும் நேரத்தில் வார்ட்டுக்குப் போனால் இவற்றில் ஒன்றுக்கும் நேரமிருக்காது.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. ஆனால் தோட்டத்துப் பாதையில் மழைக்கு ஏறுமா, லயத்துக்கு வழி எப்படிச் சொல்வது என்பதை இப்போதே யோசித்து வையுங்கள். மெயின் ரோட்டில் எந்தச் சந்தியில் காத்திருப்பது, அதுவரை எந்த ஆட்டோ, ராத்திரியில் யாருடைய போன், மகளை யார் பார்ப்பது என்று கணவரோடு பேசி ஒரு துண்டில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். உங்களுக்குக் கிட்ட திக்கோயா ஆதார வைத்தியசாலை. வாரம் குறைவாக இருந்தால் அங்கிருந்து நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ அனுப்பக்கூடும், மறுக்காதீர்கள். பிறந்த பிள்ளையைக் குளிர்ப் பாதையில் கொண்டுபோவதை விட வயிற்றில் வைத்துக் கொண்டுபோவது எவ்வளவோ பாதுகாப்பு.

ஏழாம் மாசப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாசப் பிள்ளை பிழைக்காது என்று யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள். வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம், 32ஐ விட 34 நல்லது, 34ஐ விட 37 நல்லது.

கடைசியாக, இடைவெளி. மகள் பிறந்து பதின்மூன்று பதினான்கு மாசத்தில் இது உண்டாகியிருக்கிறது. பிறந்த பிள்ளைக்கு இரண்டு வயதான பிறகே அடுத்ததற்கு முயல்வது நல்லது. தாயின் உடம்பில் இரும்பும் சத்தும் திரும்பச் சேர அவ்வளவு காலம் வேண்டும். ஆறு மாசத்துக்குள் உண்டானால்தான் மிகவும் மோசம், நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள், ஆகவே நடந்ததை நினைத்து வருந்த வேண்டாம். இந்தப் பிரசவத்துக்குப் பிறகு என்ன கர்ப்பத்தடை முறை என்பதை 30 வாரத்துக்குள்ளேயே மிஸ்ஸோடு பேசிவிடுங்கள். கர்ப்பப்பைக்குள் வைக்கும் லூப் என்றால் பிரசவித்த 48 மணித்தியாலத்துக்குள்ளேயே வைக்கலாம், கையில் தோலுக்கடியில் வைக்கும் கைக்குழாய் என்றால் பால் கொடுத்துக்கொண்டே வீட்டுக்குப் போகுமுன் போடலாம். இரண்டும் கிளினிக்கில் இலவசம்.